அக்கா வெளிய இருக்கட்டும்

உட்காரத் தெரியாதவள் என்று அக்காவைச் சொல்லுவார்கள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்றும் சொல்லுவார்கள். அவள் காதுபடவே சொல்லுவார்கள். அவளும் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவாள். வேலையும் அதற்கேற்றாற்போல்தான் வாய்த்திருந்தது. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிற வேலை. ஒரு நாளைக்கு நூற்று முப்பது வீடு. கேட்டைத் தட்டி, குனிந்து, மீட்டர் மூடியைத் தூக்கி, எண்ணைப் பார்த்துக் கையிலிருக்கும் கருவியில் தட்டிவிட்டு, வீட்டுக்காரர் "உக்காருங்க, ஒரு வாய் தண்ணி குடிங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் மூன்றாவது வீட்டில் இருப்பாள். அந்த வட்டாரத்தில் அவளுக்கு மீட்டர் அக்கா என்று பெயர். வீட்டில் வெறும் அக்கா. கட்டின புருஷனே சில சமயம் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார். எல்லாம் துரையிடமிருந்து தொற்றிக்கொண்ட பழக்கம்.

துரை அவளுக்கு ஒன்பது வயது இளையவன். டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவன். அடையாள அட்டையில் வேறு பெயர் இருக்கிறது. துரை என்பது அவனுடைய தோரணையைப் பார்த்து வைத்த பட்டம். தேநீரைக் கோப்பையில் கொடுத்தால் போதாது, அடியில் சாசர் இருக்க வேண்டும். சட்டையில் கழுத்துப் பொத்தான் வரை போட வேண்டும். வாசல் மணி அடித்தால் அவன்தான் போய்த் திறப்பான். வேறு யாராவது முந்திக்கொண்டு திறந்துவிட்டால், வந்தவரை வெளியே அனுப்பி மறுபடி மணி அடிக்கச் சொல்லுவான். இப்படிப்பட்ட முப்பத்தாறு வயது ஆம்பளையை வைத்துக்கொண்டு, தெருவில் போகிறவர்கள் அக்காவிடம் "குழந்தை சாப்பிட்டுச்சா?" என்று கேட்பார்கள். குழந்தை அந்த நேரம் உள்ளே முகச்சவரம் செய்துகொண்டிருக்கும்.

கேட்பது அக்காவிடம், பதில் சொல்வதும் அக்கா. அம்மா போனதிலிருந்து இதுதான் ஏற்பாடு. கடைக்காரர் கேட்டாலும், பேருந்தில் நடத்துநர் கேட்டாலும், ஊசி போடுகிற நர்ஸ் கேட்டாலும் அவள்தான் சொல்வாள். அவனுக்கு எது பிடிக்கும், எங்கே வலிக்கிறது, ராத்திரி தூங்கினானா, எல்லாம் அவள் வாயில் தயாராக இருக்கும்.

"அவனைக் கொஞ்சம் பேச விடேன்" என்று புருஷன் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். செருப்புக் கடையில் வேலை செய்பவர். நாள் முழுக்க மற்றவர்கள் காலடியில் உட்கார்ந்து உட்கார்ந்து நிதானம் கற்றுக்கொண்ட மனிதர்.

"அவன் வாயைத் திறக்கிறதுக்குள்ள கேட்டவங்க கிளம்பிடுறாங்க. நான் என்ன பண்ணட்டும்?" என்றாள்.

அதிலும் உண்மை இல்லாமல் இல்லை. துரை ஒரு சொல்லை வெளியே விடுவதற்கு முன் உள்ளே வைத்து ஒருமுறை அடுக்கிப் பார்ப்பான். உலகத்துக்கு அத்தனை பொறுமை கிடையாது. உலகத்தைச் சொல்வானேன், அக்காவுக்கே கிடையாது.

பதினோரு வருஷத்துக்கு முன் அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். பெரிய ஆஸ்பத்திரி அவளுடைய வட்டாரத்தில் வந்தது. அதன் பின்கட்டில் சலவைக்கூடம். மீட்டர் பார்க்கப் போன ஒவ்வொரு முறையும் அங்கேயிருந்த மேற்பார்வையாளர் அம்மாளிடம், "என் தம்பி துணி மடிச்சா கத்தியால வெட்டின மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டு வருவாள். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். ஒரு நாள் அந்த அம்மாள், "சரி, கூட்டிட்டு வா. மடிக்கட்டும், பாக்கலாம்" என்றார். துரை பத்துப் படுக்கை விரிப்புகளை மடித்து அடுக்கினான். அம்மாள் அந்த அடுக்கைச் சுற்றி வந்து பார்த்தார். நான்கு பக்கமும் நூல் பிடித்தாற்போல் இருந்தது. அதன்பிறகு யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஒன்றே ஒன்றைத் தவிர. வேலைக்குச் சேருகிறவர்கள் ஆஸ்பத்திரியின் ஊழியர் மருத்துவரிடம் உடல்தகுதிச் சான்று வாங்க வேண்டும். அதன்பின் வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கவும் வேண்டும். எடை, ரத்த அழுத்தம், கடைசியில் சுவரில் மாட்டிய எழுத்து அட்டையைப் படிக்கச் சொல்லிக் கண் சோதனை. துரைக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. அட்டையின் முன் அவன் பேசாமல் நின்றால், படிக்கத் தெரியாதவனுக்கு இங்கே என்ன வேலை என்று அந்த அறையிலேயே முடித்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. யாரும் அப்படிச் சொல்லவில்லை. அவளாகவே நினைத்துக்கொண்டாள். சோதனைக்கு இரண்டு வாரம் முன்னாலேயே அந்த அறைக்கு வழி கேட்கிற சாக்கில் போய், அட்டையைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். மேலிருந்து கீழாக எட்டு வரி. வாய்ப்பாடு சொல்கிற ராகத்தில் போட்டுப் பத்து நாள் தம்பிக்குப் பாடம் நடத்தினாள். துரைக்கு ஞாபகசக்தி அபாரம். வலது கண்ணை மூடச் சொன்னாலும் இடது கண்ணை மூடச் சொன்னாலும் எட்டு வரியும் தடங்கலில்லாமல் வந்தன. நர்ஸ் நாலாவது வரியிலேயே "போதும் போதும்" என்று சொல்லி, கடைசி வரிக்கு நேராக டிக் அடித்தாள்.

வருஷா வருஷம் அப்படித்தான் நடந்தது. சோதனைக்கு முந்தின வாரம் அக்கா ஒருமுறை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பாள். அட்டை மாறவேயில்லை. அரசாங்கம் மாறினாலும் சில அட்டைகள் மாறுவதில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டோம் என்ற நினைப்பே நாளாவட்டத்தில் அவளுக்கு மறந்துபோனது. தம்பி தேறினான், அவ்வளவுதான்.

சலவைக்கூடத்தில் துரைக்கென்று ஒரு மேஜை இருந்தது. வெந்நீரில் வெளுத்து, உலர்ந்து, இஸ்திரியாகி வரும் விரிப்புகளை அவன் மடித்து வார்டு வாரியாகப் பிரித்து அடுக்க வேண்டும். எல்லா விரிப்பும் வெள்ளை. மூலையில் விரல் நீளத்துக்கு ஒரு வண்ண நூல் தைத்திருக்கும், அதுதான் அடையாளம். பச்சை நூல் பிரசவ வார்டு, நீல நூல் தொற்றுநோய் வார்டு, மஞ்சள் குழந்தைகள் வார்டு, சிவப்பு அறுவை அரங்கு. படிக்கத் தெரிந்த ஆளே வேண்டாம், கண்ணும் கையும் இருந்தால் போதும். துரை மூலையைப் பார்ப்பான், மடிப்பான், தட்டில் வைப்பான், மேல்புறத்தைக் கையால் ஒருமுறை நீவிவிடுவான். அந்த நீவல் வேலைக் கணக்கில் சேராது. ஆனாலும் அதை விடமாட்டான். பக்கத்தில் இயந்திர இஸ்திரி போடுகிறவர் ஒருவர் இருந்தார். முன்கோபக்காரர், யாரோடும் ஒட்டமாட்டார். துரையோடு மட்டும் பேசாமலேயே பத்து வருஷமாக நல்ல சிநேகம்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அக்கா நாற்பத்தோராவது வீட்டில் குனிந்திருந்தபோது மேற்பார்வையாளர் அம்மாளிடமிருந்து அழைப்பு வந்தது.

"கொஞ்சம் வந்துட்டுப் போ. போன்ல சொல்ற விஷயம் இல்ல."

மீதி எண்பத்தொன்பது வீட்டையும் விட்டுவிட்டுப் போனாள். இருபது வருஷத்தில் அவள் வேலையைப் பாதியில் விட்டது அன்றைக்குத்தான்.

இஸ்திரிக்காரர் மகள் கல்யாணத்துக்காகப் பத்து நாள் விடுப்பில் போயிருந்தார். அதற்குள்ளாகவே ஆறு தடவை விரிப்பு வார்டு மாறிப் போயிருந்தது. கடைசித் தடவை தொற்றுநோய் வார்டின் நீல நூல் விரிப்புகள் பிரசவ வார்டுக்குப் போய், பச்சைக் குழந்தைகளின் தொட்டிலுக்குப் பக்கத்தில் விரிக்கப்பட்டுவிட்டன. எல்லாம் கொதிக்கக் கொதிக்க வெளுத்ததுதான், கிருமி எதுவும் இருக்காது. இருந்தாலும் விதி விதிதான். பிரசவ வார்டின் தலைமை நர்ஸ் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்திருக்கிறாள்.

"நானும் கூப்பிட்டுக் கேட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறான். எனக்கே மனசு கேக்கல. ஆனா எழுத்துல புகார் வந்துடுச்சு. ஒரு மாசத்துக்குள்ள டாக்டர்கிட்ட காட்டி, வேலை செய்ய முடியும்னு எழுதி வாங்கிட்டு வா. இல்லேன்னா நான் அனுப்பித்தான் ஆகணும்."

"அவன் நல்லாத்தான் இருக்கான்" என்றாள் அக்கா. சொல்லும்போதே அது பொய் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஊழியர் மருத்துவர் நல்ல மனிதர். துரைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, அவன் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டார். "எத்தனை நாளா இப்படி?"

"ஒரு வருஷத்துக்கு மேலேயே கொஞ்சம் மாறித்தான் இருக்கான் டாக்டர்" என்றாள் அக்கா. "படி இறங்கும்போது சுவரைப் பிடிச்சுக்கிறான். டிவி பாக்கிறதே இல்ல. கப்பை மேஜை ஓரத்துல வச்சுக் கீழ போட்டுடுறான். ஏதாவது கேட்டா கோவம் வருது."

"தைராய்டு?"

"ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பாக்கிறோம். போன மாசம் கூடச் சரியாத்தான் இருந்துச்சு. காதும் பாத்தாச்சு."

மருத்துவர் கோப்பைப் புரட்டினார். "டவுன் சிண்ட்ரோம் உள்ளவங்கள்ல சிலருக்கு நாப்பதை ஒட்டியே மறதி நோய் ஆரம்பிக்கும். எல்லாருக்கும் வரும்னு இல்ல. இவருக்கு வந்துடுச்சுன்னும் நான் சொல்லல. ஆனா நீங்க சொல்றது எல்லாம் அதோட ஒத்துப்போகுது." இன்னும் இரண்டு பக்கம் புரட்டினார். "முதல்ல கண்ணா இருக்குமோன்னுதான் நினைச்சேன். இவங்களுக்குப் புரை சீக்கிரமே வரும். ஆனா இங்க பாருங்க, பதினோரு வருஷமும் கடைசி வரி வரைக்கும் படிச்சிருக்காரு. நாலு மாசம் முன்னாடி கூட. என்னைவிட நல்ல கண்ணு."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. எல்லோருக்கும் பதில் தயாராக வைத்திருப்பவள், மென்று விழுங்கினாள். மருத்துவர் நரம்பியல் நிபுணருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். துரை எழுந்து, கதவுப் பிடியைத் தேடித் தடவினான். அவள் எட்டிப் போய்த் திறந்துவிட்டாள்.

அடுத்த நான்கு நாள் அக்கா நடந்த நடைக்கு அளவில்லை. வழக்கமான தெருக்களை முடித்துவிட்டு, மறுநாளுக்குரிய தெருக்களையும் நடந்தாள். இரண்டு வீட்டில் எண்ணைத் தப்பாகத் தட்டினாள். ஒரு வீட்டில் மீட்டர் பார்த்துவிட்டு அதே வீட்டுக்கு மறுபடி போய்க் கேட்டைத் தட்டினாள். நடக்க நடக்க மனசுக்குள் ஒரே வழக்கு. உண்மையைச் சொன்னால், பதினோரு சான்றிதழும் பொய் என்றாகும். ஏமாற்றி வேலையில் இருந்தவன் என்று அவனைத் துரத்துவார்கள். சொல்லாமல் விட்டால், மறதி நோய் என்று எழுதுவார்கள். அப்போதும் வேலை போகும். ஆனால் மரியாதையாகப் போகும். ஒரு சால்வை போர்த்தி, நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லி அனுப்புவார்கள். அதில் அவள் குற்றம் என்று ஒன்றும் இருக்காது. இந்தக் கடைசி நினைப்பு வந்தபோது நடுத்தெருவில் நின்றாள். தன்னையே ஓங்கி அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

கண்ணாக இல்லாமலும் இருக்கலாமே என்றும் பார்த்தாள். உண்மையிலேயே மறதியாக இருந்துவிட்டால், எதற்கு இந்தக் குட்டை உடைக்க வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை காலை தையல் பெட்டியைத் திறந்து நூல்கண்டுகளை மேஜைமேல் பரப்பினாள். துரை சாப்பிட்டு முடித்து, கோப்பையைச் சாசரில் வைக்கச் சாசரை விரலால் தேடிக்கொண்டிருந்தான்.

"தொரை, இங்க பாரு. இது பச்சையா?"

"பச்சை" என்றான்.

"நல்லாப் பாத்துச் சொல்லுடா. இது நீலம் இல்ல?"

"நீலம்."

"பச்சையா, நீலமா?"

அவன் நூலைப் பார்க்கவில்லை. அவள் முகம் இருந்த பக்கம் திரும்பி, தலையைச் சாய்த்துக் காத்திருந்தான். அவள் குரல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் போவதற்காக.

புருஷன் செய்தித்தாளை மடித்து வைத்தார். "நீ கேக்கிற கேள்வியிலேயே பதில் இருக்கு. இப்படிக் கேட்டா நான்கூடப் பாஸ் பண்ணிடுவேன்."

அப்போதுதான் அக்கா அவரிடம் அட்டைக் கதையைச் சொன்னாள். நின்றுகொண்டேதான் சொன்னாள். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "நாளைக்கே போய்ச் சொல்லிடு" என்றார்.

"வேலை போயிடும்ங்க."

"கண்ணு போனா?"

துரை நூல்கண்டுகளைக் கையால் துழாவி, ஒன்றன்பின் ஒன்றாகப் பெட்டிக்குள் வரிசையாக வைத்தான். நிறம்தான் கலந்திருந்தது. வரிசை கச்சிதமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை சலவைக்கூடத்தில், மேற்பார்வையாளர் அம்மாளின் கண்ணாடித் தடுப்புக்குள் நின்று அக்கா எல்லாவற்றையும் கொட்டினாள். அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பிறகு கதவைத் திறந்து, கல்யாணம் முடிந்து அன்றுதான் வேலைக்கு வந்திருந்த இஸ்திரிக்காரரைக் கூப்பிட்டார்.

"நீங்க இருக்கிற வரைக்கும் ஒரு விரிப்பு மாறல. நீங்க போன அடுத்த நாள்லேந்து மாறுது. இது எப்படின்னு நீங்களே சொல்லுங்க."

முன்கோபக்காரர் தரையைப் பார்த்தார். "கொஞ்ச நாளா அவனுக்கு மாறுதுங்க. அவன் டீ குடிக்கப் போறப்ப நான் சரி பண்ணி வச்சுடுவேன்."

"கொஞ்ச நாள்னா?"

"ஒரு ஒன்றரை வருஷம் இருக்கும்."

"நல்லாயிருக்கு" என்றார் அம்மாள். "வீட்ல ஒருத்தி மறைச்சா, இங்க ஒருத்தர் மறைச்சாரு. ரெண்டு பேரும் சேர்ந்து பாசத்தாலயே அவன் கண்ணைக் கட்டிட்டீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவனை மேஜை மாத்தி வெளிச்சத்துல உக்கார வச்சிருப்பேனே. தடிமனா ஒரு நூல் தைக்கச் சொல்லியிருப்பேனே. எனக்கென்ன, நெஞ்சுல ஈரமே இல்லைன்னு நினைச்சீங்களா?"

இரண்டு பேரும் குற்றவாளிக் கூண்டில் நிற்பதுபோல் நின்றார்கள்.

"நீ சொன்னதை நான் மேல எழுதித்தான் ஆகணும்" என்று அக்காவிடம் சொன்னார். "கண்ணுதான்னு கண் டாக்டர் எழுதிக் குடுத்தா, அவன் மேஜைக்காக நான் சண்டை போடுவேன். கண்ணு இல்லேன்னு வந்துட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. அதுவரைக்கும் அவன் துண்டு மடிக்கட்டும். துண்டுக்கு நூல் கிடையாது, கையாலேயே தெரியும்." கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "இதை நான் அவன்கிட்ட சொல்லிக்கிறேன். நீ சொல்ல வேண்டாம்."

கண் மருத்துவமனையில் வியாழக்கிழமை நேரம் கிடைத்தது. மருத்துவர் ஒரு பெண். அக்காவைவிடச் சின்னவள். மேஜையில் ஒரு அட்டையை எடுத்து வைத்தாள். அதில் எழுத்து எதுவும் இல்லை. ஒரு வீடு, ஒரு ஆப்பிள், ஒரு வட்டம், ஒரு சதுரம். நான்கே படங்கள். தூரத்தில் காட்டுகிற படத்தைப் பார்த்து, மடியில் இருக்கிற அட்டையில் அதே படத்தைத் தொட்டுக் காட்டினால் போதும், பேசக்கூட வேண்டாம். இப்படி ஒரு சோதனை உலகத்தில் இருக்கிறது என்று அக்காவுக்குப் பதினோரு வருஷமாகத் தெரியாது. தெரிந்துகொள்ள அவள் யாரையும் கேட்கவும் இல்லை.

"அவனுக்குப் புது ஆளுங்கன்னா கொஞ்சம் தயக்கம் டாக்டர். நான் பக்கத்துல நின்னேன்னா—"

மருத்துவர் துரையின் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க. அக்கா உள்ள இருக்கணுமா, வெளிய இருக்கணுமா?"

துரை சொற்களை அடுக்கத் தொடங்கினான். அக்காவின் நாக்கு நுனியில் பதில் துள்ளிக்கொண்டிருந்தது. மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, வேறு வேலையே இல்லாதவள்போல் காத்திருந்தாள்.

"அக்கா வெளிய இருக்கட்டும்" என்றான் துரை.

வெளியே நீளமான நடைவழி. சுவரோரம் நாற்காலி வரிசை. நோயாளிகளோடு வந்தவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா நடந்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அறுபத்திரண்டு அடி. அந்தக் கோடியில் இருந்த தண்ணீர் மீட்டரைக் குனிந்து பார்த்துவிட்டு வந்தாள், மறுபடியும் போய்ப் பார்த்தாள். ஒரு பெரியவர், "ஏம்மா, எனக்குத்தான் தலை சுத்துது" என்றார். கதவில் காதை வைக்கலாமா என்று தோன்றியது. உள்ளே அவனுக்குச் சரியாகத் தெரிந்துவிட்டால் அவன் கண் நல்ல கண், மூளைதான் போகிறது. தெரியாமல் போனால் அவள்தான் அந்தக் கண்ணைப் பதினோரு வருஷம் மூடி வைத்தவள். இரண்டில் எது நடக்க வேண்டும் என்று கடவுளிடம் கேட்பது என்றே தெரியவில்லை. கடைசியில் தெரியாமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டாள். என் தலையிலேயே விடியட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

நாற்பது நிமிஷம் கழித்துக் கதவு திறந்து அவளை உள்ளே கூப்பிட்டார்கள்.

"ரெண்டு கண்ணுலயும் புரை" என்றாள் மருத்துவர். "வலது கண்ணுல ரொம்பக் கெட்டியா இருக்கு. இந்தக் கண்ணோட நீல நூலையும் பச்சை நூலையும் பிரிக்கச் சொன்னா என்னாலயும் முடியாது. அதை எழுதித் தரேன்."

"அப்ப மறதி நோய்?"

"அது என் வேலை இல்ல, நான் சொல்லக் கூடாது. ஆனா அரை மணி நேரம் சோதனை பண்ணேன். நான் சொன்ன ஒண்ணையும் இவர் மறக்கல. நடுவுல நான்தான் ஒரு படத்தை ரெண்டு தடவை காட்டிட்டேன். அதையும் சொன்னாரு." கோப்பில் எதையோ குறித்துக்கொண்டாள். "ரெண்டு வருஷமாத் தெரியலையாம்."

"அவனா சொன்னான்?"

"கேட்டேன். சொன்னாரு."

அக்கா தம்பிக்கு முன்னால் போய் நின்றாள். குரல் உடைந்திருந்தது. "ஏண்டா தொரை, என்கிட்ட ஏன் சொல்லல?"

துரை அடுக்கினான். இந்த முறை அவள் காத்திருந்தாள்.

"நீ கேக்கல" என்றான். கொஞ்சம் பொறுத்து, "பாட்டுச் சொல்லச் சொன்ன. தப்பில்லாமச் சொன்னேன்" என்றான்.

அதில் கோபம் இல்லை, குறை இல்லை. கொடுத்த வேலையைச் சரியாகச் செய்தவனின் பெருமைதான் இருந்தது. அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மருத்துவர் ஒரு கோப்பைத் தண்ணீரை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, மறுபடி துரையிடம் பேசினாள். புரை என்றால் என்ன, எப்படி எடுப்பார்கள், வலிக்குமா, எத்தனை நாள் கண்ணைத் தேய்க்கக் கூடாது, எல்லாவற்றையும் படம் காட்டி, ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"வலது கண்ணு மோசமா இருக்கு. அதை முதல்ல பண்ணலாமா?"

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு "சரிங்க டாக்டர், அதையே—" என்று தொடங்கினாள்.

"இடது" என்றான் துரை.

"டேய், டாக்டர் சொல்றாங்கள்ல."

"ஏன் இடது?" என்று மருத்துவர் அவனிடம் கேட்டாள்.

துரை எழுந்தான். நாற்காலியை நகர்த்தித் தனக்கு முன்னால் போட்டான். அதுதான் அவனுடைய மேஜை. மடிப்பதுபோல் கைகளை வைத்துக்கொண்டு நின்றான். பிறகு இடது பக்கம் கையைக் காட்டினான். "வண்டி இந்தப் பக்கம் வரும். ஈரத்துணி வண்டி. வர்றது தெரியல." கழுத்துப் பொத்தான் வரை போட்டிருந்த சட்டையின் இடது கையை முழங்கைக்கு மேலே ஏற்றினான். கன்றிப்போன காயங்கள். ஆறி மஞ்சளானது ஒன்று, நீலமாக ஒன்று, இந்த வாரத்தது ஒன்று. "இடிக்கும்" என்றான்.

அக்கா அந்தக் காயங்களை முன்பே பார்த்திருந்தாள். குளியலறையில் வழுக்கி விழுந்திருப்பான் என்று அவளே முடிவுகட்டி, ரப்பர் விரிப்பு வாங்கிப் போட்டு, அதைப் பற்றி நாலு பேரிடம் சொல்லியும் இருந்தாள்.

"இடது கண்ணே முதல்ல பண்ணிடலாம்" என்றாள் மருத்துவர். ஒப்புதல் படிவத்தை எடுத்து அவன் பக்கம் திருப்பி வைத்து, எந்த இடம் என்று விரலால் தொட்டுக் காட்டினாள். "கையெழுத்துப் போடுவீங்களா?"

"போடுவேன்."

அவன் பேனாவைப் பிடித்துக் காகிதத்துக்கு மிக அருகில் குனிந்தான். அக்காவின் கை, அவள் சொல்லாமலே போய், அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

"கையை எடுக்கா" என்றான் துரை. "நான் போடுறேன்."

அவள் கையை எடுத்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொண்டாள். அவன் எழுதி முடிக்க வெகு நேரம் ஆனது.